நிற்காமல் போன வேன்

எங்களை பிரஸ் வேலைக்கு அனுப்பும் ஏஜெண்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாரையாவது வேலையை விட்டு நிறுத்த வேண்டுமென்றால் அந்த ஆளிடம் சொல்ல மாட்டார். வேன் டிரைவரிடம் சொல்வார். மறுநாள் காலையில் அந்த ஆள் நிற்கிற இடத்தில் வேன் நிற்காமல் போய்விடும். சோற்று வாளியோடு ரோட்டோரம் நிற்கிறவர், புழுதி அடங்கிய பிறகு தானாகவே புரிந்துகொள்ள வேண்டும், இனிமேல் தனக்கு வேலை இல்லை என்று.

இதை அவர் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். "என் வாயால ஒருத்தரையும் போன்னு சொன்னது கிடையாது" என்பார். தன்னை இளகிய மனசுக்காரர் என்று நாலு பேர் நினைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவதில்லை. கோபப்படுவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் கரப்பான்பூச்சி ஊர்ந்து போனால் வருமே, அதுதான் வருகிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. நான் மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசியில் ஒரு பெரிய பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் பேச்சு. தபால் வழியில் பி.காம். படித்துக்கொண்டே நான் அந்த பிரஸ்ஸின் பைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தேன். ஆவணியிலிருந்து தை வரை காலண்டர், மாசி பிறந்தால் பள்ளிக்கூட நோட்டு, இடையிடையே பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள். அச்சு மெஷினில் நிற்கும் ஆண்கள் கம்பெனி ஆட்கள். தாளை மடித்து, வரிசையாக அடுக்கி, ஸ்டேப்ளர் பின் அடித்து, எண்ணிக் கட்டுகிற பெண்களில் பெரும்பாலோர் ஏஜென்சி ஆட்கள்; நானும் அவர்களில் ஒருத்தி. குடிக்கிற தண்ணீர்ப் பானை ஒன்றுதான். கழுத்தில் தொங்கும் கார்டின் நிறம் மட்டும் வேறு. எங்கள் கார்டில் பிரஸ் பெயர் இருக்காது, ஏஜெண்டின் மேன்பவர் கம்பெனி பெயர் இருக்கும். எதற்காக அப்படி என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. வேண்டாதபோது எங்களைப் பார்த்து "இவர்கள் யார்?" என்று கேட்பதற்காகத்தான் என்பது பிறகு தெரிந்தது.

நான் மதினி என்று கூப்பிடுகிறவரும் என்னைப் போல ஏஜென்சி ஆள்தான். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரைத் தாண்டி அடுத்த விலக்கில், கிளை ரோடு பிரிகிற இடத்தில், வேன் ஏறுவார். முப்பத்தைந்து வயதிருக்கும். முன்பு எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசு ஆபீஸில், எங்கள் பக்கம் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம், வேலை பார்த்தவர். பக்கத்து ஷெட் ஒன்று வெடித்துச் சிதறியதைப் பார்த்த நாளோடு அந்த வேலையை விட்டுவிட்டு, காகித வேலைதான் நிம்மதி என்று பிரஸ்ஸுக்கு வந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் பதில் வருகிறவரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். சூப்பர்வைசர், "அந்த பண்டலை அப்புறம் பாக்கலாம்" என்றால், "அப்புறம்னா எப்ப?" என்பார். "மத்தியானம்" என்றால், "சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்பார். எங்களுக்கே சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து கடைசி காலண்டர் லோடும் போய்விட்டது. செக்‌ஷனில் பாதி மேஜைகள் காலியாகக் கிடந்தன. யாரை நிறுத்தப் போகிறார்கள் என்று எல்லாருக்கும் உள்ளூர உதைப்புத்தான். காலையில் வேன் வந்து நம் முன்னால் நின்றுவிட்டால் அன்றைக்குப் பிழைத்தோம் என்று அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை நான் ஏறி, வழக்கம் போல மதினிக்கு இடம் போட்டு வைத்திருந்தேன். விலக்கில் அவர் நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. வேன் வேகத்தைக் குறைக்கவில்லை. அவர் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க, மதினி நிக்காக!" என்று கத்தினேன்.

டிரைவர் திரும்பவில்லை. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது மட்டும் தெரிந்தது. நான் ஜன்னல் வழியே பின்னால் பார்த்தேன். தூக்கிய கையை மதினி இறக்கவில்லை. வேன் வளைவில் திரும்புகிறவரை அப்படியே நின்றார். எனக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தில் விருதுநகரில் ஏறிய ஒரு பெண் வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

இதுவரை இப்படி நிறுத்தப்பட்டவர்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய் அழுதார்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனார்கள். மதினி பஸ் பிடித்து விருதுநகரில் மாறி, சிவகாசிக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடித்ததும், அவர் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு நான் வாசல் கேட்டுக்கு ஓடியபோது வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"என்னைய வேண்டாம்னு யாரு சொன்னா? அதை மட்டும் சொல்லுங்க, போயிர்றேன்."

"எனக்கு எப்பிடித்தா தெரியும்? உள்ள விடாதேன்னாக, விடலை."

"யாரு விடாதேன்னாக?"

அந்த நேரத்தில் மேனேஜர் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பி பைக்கில் வந்தார். மதினி வழியில் போய் நின்றார். மேனேஜர் எங்களை முன்பின் பார்த்திராதவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகத்தை அவர் பழகி வைத்திருக்க வேண்டும், அவ்வளவு சுத்தமாக இருந்தது.

"நீங்க எங்க ஆளே கிடையாதும்மா. எதுன்னாலும் உங்க ஏஜெண்டுகிட்டப் போய்க் கேளுங்க."

"உங்க ஆள் இல்லைன்னா, தீவாளிக்கு முந்தி ஞாயித்துக்கிழமை எல்லாம் வாங்க வாங்கன்னு நீங்கதானேய்யா கூப்பிட்டீக?"

மேனேஜர் பைக்கை முறுக்கி, மதினியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். இன்ஜினியரிங் படித்தவர், நூற்றுக்கணக்கான பேரை வேலை வாங்குகிறவர். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு அவரிடம் இருந்த பதில் ஆக்ஸிலரேட்டர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினியும் நானும் விருதுநகருக்குப் போனோம். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடியில் ஏஜெண்டின் ஆபீஸ். சாமி படங்களுக்கு முன் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஏஜெண்ட் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்கத்தா, வாங்க. உக்காருங்க. காபி சாப்பிடுறீகளா?"

மதினி உட்காரவில்லை. "என்னைய வேலையை விட்டு நிப்பாட்டிட்டீகளா?"

"நான் எப்பத்தா அப்பிடிச் சொன்னேன்?"

"அப்ப நாளைக்கு வரட்டுமா?"

"கம்பெனில ஆர்டர் இல்லையேத்தா."

"அப்ப வரவேண்டாமா?"

"வரவேண்டாம்னு நான் சொல்லலையே."

"வரணுமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

ஏஜெண்ட் சிரித்தார். சின்னப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போல. "நாமெல்லாம் டெம்பரரித்தா. சீசன் வந்தா நானே சொல்லி அனுப்புவேன்ல?"

"டெம்பரரின்னா சொல்லாமக் கொள்ளாமத்தான் அனுப்பணுமா?"

சேரும்போது எங்களிடம் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. "நாங்க வேலையை விட்டுப் போகணும்னா ஒரு மாசம் முந்திச் சொல்லணும்னு எழுதி வாங்கினீகளே?" என்றேன்.

"அது ரூல்மா."

"அந்த ரூல் உங்களுக்குக் கிடையாதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "படிக்கிற புள்ளையில்ல, அதான்" என்றார். அதைத் திட்டாகத்தான் சொன்னார். பிறகு போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேச ஆரம்பித்தார். மறுமுனையில் யாரும் இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. இருந்தும் பேசிக்கொண்டே இருந்தார். எதிரில் நிற்கும் ஒரு பெண்ணிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லத் தைரியமில்லாமல் செத்த போனில் நடிக்கிற ஆம்பளையை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

படியிறங்கும்போது மதினி, "அவரு வாய்லேருந்து வராம நான் விடப் போறதில்லை" என்றார்.

என் பாடப் புத்தகத்தில் தொழிலாளர் சட்டம் பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததுதான். ஒரு வருஷத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிறுத்தினால் காரணம் சொல்லி ஒரு மாதம் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அல்லது அந்த மாதத்துச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. மதினி இரண்டு காலண்டர் சீசன் பார்த்தவர். நடுவில் நின்றதே கிடையாது. நான் மனு எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். விருதுநகரில் தொழிலாளர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் வேன் தூரத்தில் தெரிந்ததுமே ரோட்டில் ஓரடி முன்னால் போய் நின்றுகொண்டேன். ஆனால் மனு எழுதிய கை என்னுடையது என்று ஏஜெண்டுக்கு அப்போது தெரியாது. மதினி சொல்லவும் இல்லை.

இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேச ஒரு நாள் குறித்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதிகாரி நிதானமான மனுஷர், நடுவயது, அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார். பிரஸ் மேனேஜர் வந்திருந்தார். "எங்களுக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, பிறகு முழு நேரமும் தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏஜெண்ட் வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் குங்குமத்தோடு வந்திருந்தார். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் வேன் நிற்காமல் போவதன் முழு அர்த்தமும் எனக்கு விளங்கியது.

"நாங்க நிறுத்தவே இல்லைங்கய்யா. இந்தம்மாதான் ஒரு நாள் திடுதிப்புன்னு வராம நின்னுட்டாங்க. நோட்டீஸ்கூடக் கொடுக்கல. நியாயமாப் பாத்தா நாங்கதான் புகார் கொடுக்கணும்."

சொல்லாமல் விடுவது கோழைத்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை, அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இருந்தது. யாரும் சொல்லவில்லை என்றால் யாரும் நிறுத்தவில்லை. ரோட்டோரம் நிற்பவர் வேலையிலிருந்து தானாக நின்றுவிட்டவர் ஆகிவிடுகிறார். இத்தனை வருஷமும் எத்தனை பேர் இப்படித் தாங்களாகவே வேலையை விட்டவர்களாக அவர் காகிதங்களில் ஏறியிருப்பார்களோ.

அதிகாரி மதினியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

"நான் நின்னேங்கய்யா. வேன்தான் நிக்கலை."

"அதுக்கு யாரு சாட்சி?"

நான் வாயெடுப்பதற்குள் மதினி ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா வேப்பமரத்தடில நிக்கே, அந்த வேன்தான். இவுக அதுலதான் வந்திருக்காக. ஓட்டுன அண்ணனும் அங்கனதான் இருக்காக. கூப்பிட்டுக் கேளுங்க."

ஏஜெண்ட் மதினியை விட்டுவிட்டுப் போன அதே வேனில் ஜம்மென்று உட்கார்ந்து விசாரணைக்கு வந்திருந்தார். டிரைவரும் ஒரு ஆள் என்பதோ, அவருக்கும் வாய் இருக்கிறது என்பதோ அவருக்குத் தோன்றவே இல்லை. இந்த மாதிரி ஆட்களின் புத்திசாலித்தனத்துக்கு இவ்வளவுதான் எல்லை.

டிரைவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏஜெண்ட் அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நடந்ததை அதிகாரி கேட்டார்.

"நிப்பாட்டாதேன்னு முதல் நாள் சாயங்காலமே போன்ல சொல்லிட்டாகய்யா" என்றார் டிரைவர். "அந்தம்மா கையைக் காமிச்சாக. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்." பிறகு மதினியைப் பார்க்காமல், "எனக்கும் இந்த ஏஜென்சி கார்டுதான்" என்றார்.

மேனேஜர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். ஏஜெண்டின் காது மடல் சிவந்துவிட்டது.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஏஜெண்டிடம் சொன்னார். டெம்பரரியோ எதுவோ, உங்கள் ஆளாக இத்தனை நாள் வேலை பார்த்திருக்கிறார். ஒரு மாத நோட்டீஸ் கொடுங்கள், அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுங்கள். இல்லையென்றால் மேலே அனுப்புகிறேன். ஏஜெண்ட் உடனே நோட்டீஸ் என்றார். சம்பளம் என்றால் அவர் பையிலிருந்து போகும். வேலைக்கு வைத்துக்கொண்டு நோட்டீஸ் கொடுத்தால் அந்த மாதச் சம்பளத்தைப் பிரஸ்காரர்கள் தலையில் கட்டிவிடலாம். தன் கஞ்சத்தனத்தால்தான் அவர் தோற்றார். சட்டம் மட்டும் போதாமல் இருந்திருக்கும்.

மாசி மாதத்தில் ஒரு காலையில் வேன் விலக்கில் நின்றது. மதினி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேனில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். என்ன பேசினோம் என்று ஒன்றும் நினைவில்லை.

அன்றைக்கே ஏஜெண்ட் நோட்டீஸோடு பைண்டிங் செக்‌ஷனுக்கு வந்தார். மதினி கையை நீட்டவில்லை. "எனக்கு வாசிக்க வராது. வாசிச்சுக் காமிங்க" என்றார். அவருக்கு நன்றாகவே வாசிக்க வரும். தினத்தாள் ஒரு வரி விடாமல் படிப்பவர். ஏஜெண்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லாக் கைகளும் நின்றிருந்தன. வேறு வழியில்லாமல் வாசித்தார்.

"தங்களின் பணி தற்போது தேவைப்படாத காரணத்தால்..."

"யாரோட பணி?"

"தங்களின்... உங்களோட."

"ம். வாசிங்க."

முழுவதும் வாசித்து முடித்தார். என்றைக்கிலிருந்து வேலை இல்லை என்பதை மதினி இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார். பிறகுதான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, "இதைச் சொல்ல இம்புட்டு நாள் ஆச்சாக்கும்" என்றார். கட்டிங் மெஷின் பக்கம் நின்ற கம்பெனி ஆள் ஒருவர் சிரித்துவிட்டார். அதோடு செக்‌ஷன் முழுக்கச் சிரிப்பு. ஏஜெண்ட் படியிறங்கிப் போன வேகத்தில் கதவில் இடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் என்பது என்ன என்று அந்த மாதத்தில்தான் கண்ணால் பார்த்தேன். வேலை போவது அதே வேலை போவதுதான். ஆனால் மதினி ஞாயிற்றுக்கிழமைகளில் சிவகாசித் தெருக்களில் சின்னச் சின்ன பிரஸ்ஸாக ஏறி இறங்கினார். சீட்டுக்காரியிடம் தவணை பிந்தும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு என்ன செய்வது என்று வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசினார். ரோட்டோரம் திகைத்து நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இதைக்கூடக் கொடுக்க மனசில்லாமல்தான் அந்த ஆள் காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நோட்டீஸ் முடியப்போகும் சமயத்தில் நோட்டுப் புத்தக ஆர்டர்கள் குவிந்துவிட்டன. ஆள் பற்றவில்லை. மேனேஜரே மதினியின் மேஜைக்கு வந்தார். பழகி வைத்திருந்த முகத்தை அன்றைக்கு அவர் கொண்டுவரவில்லை.

"அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போட்ருங்கம்மா. நான் ஏஜெண்டுகிட்டச் சொல்லிக்கிறேன். வழக்கம்போல வாங்க."

மதினி கையிலிருந்த தாளை மடித்து முடித்தார். "அது எப்பிடிய்யா? ஒரு மாசம்னு அதிகாரி முன்னாடி பேசி முடிச்சாச்சுல்ல. நானும் வேற எடத்துல வர்றேன்னு சொல்லிட்டேன். இப்பப் போயி அவுகளுக்குச் சொல்லாம நின்னா நல்லாவா இருக்கும்?"

இந்த முறை மேனேஜருக்குப் பைக் பக்கத்தில் இல்லை.

அப்புறம் எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏஜெண்ட் புதிதாக ஒன்று கண்டுபிடித்தார். சேரும்போதே தேதி போடாத நோட்டீஸில் ஆட்களிடம் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். எப்போது வேண்டுமோ அப்போது தேதியை நிரப்பிக்கொள்ளலாம். பழைய ஆட்களிடமும் கேட்டார். சிலர் போட்டார்கள், வீட்டு நிலைமை அப்படி. நானும் வேறு சிலரும் போடவில்லை. அடுத்த தையில், போட்டவர்களை முன்பு போலவே நிறுத்தினார். போடாத எங்களுக்கு ஒரு மாத நோட்டீஸ் முறையாக வந்தது. அந்த மாதத்தில் என் கடைசிப் பரீட்சைகளை எழுதி முடித்தேன். பிறகு விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதப் போனேன். டிரைவர் அண்ணன் அதற்கு முன்னாலேயே ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டப் போய்விட்டார். மதினி சேர்ந்த சின்ன பிரஸ்ஸின் முதலாளி காலையிலிருந்து இரவு வரை கத்திக்கொண்டே இருப்பாராம். "கத்தட்டும், மூஞ்சியைப் பாத்துல்ல கத்துறாரு" என்பார் மதினி.

ஏஜெண்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. மாடி ஆபீஸ் இரண்டு மாடியானது. ஏதோ ஒரு சங்கத்தின் விழாவில் வேலைவாய்ப்பு கொடுத்த வள்ளல் என்று அவருக்குப் பொன்னாடை போட்டதாகக் கேள்விப்பட்டேன்.

சில வருஷம் கழித்து, பிரஸ்ஸில் எங்களோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு மதினியும் நானும் போயிருந்தோம். பந்தியில் உட்காரப் போனால் எதிர் வரிசையில் ஏஜெண்ட். எங்களைப் பார்த்துவிட்டார். "நல்லாருக்கீகளாத்தா? நம்ம பிள்ளைகள்ல நீங்கள்லாம்!" என்று பந்திக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்குப் பசி போய்விட்டது. "அடுத்த பந்தில உக்காருவோம் மதினி" என்றேன்.

"ஏன், சோறு அவரு வீட்டு சோறா?" என்று மதினி என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். எதிரில் ஒரு ஆள் இருக்கிறார் என்கிற நினைப்பே இல்லாதவர் போல நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தார். ஏஜெண்ட் இன்னும் இரண்டு முறை ஏதோ கேட்டார். மதினி பாயசக்காரரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார்.